நிலத்தாய்க்கு ஒரு முழக்கம்

(இசை இயற்ற விழையும் உபாசகர்க்கு ஒரு பாடம்)



நம் சங்கத்து இளைஞருள் பேண்டு வாத்தியம் பயின்றோர் சிலர் உளர். கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் கற்றுத் தேர்ந்து, வைசாகப் பௌர்ணமி ஊர்வலத்தில் முன்னின்று வாசிப்போர் அவர்களே. அண்மையில் அவர்கள் நம்மை அணுகி ஒரு வினா எழுப்பினர். "பிறர் இயற்றிய அணிநடைப் பாட்டுகளையும் சினிமா மெட்டுகளையுமே எத்துணை நாள் வாசிப்பது? மலையையும் நீரையும் மரத்தையும் எளிய வாழ்வையும் பொருளாகக் கொண்டு ஒரு சிறு இசையை நாமே இயற்றலாகாதா? இயற்றினால் அது தம்மத்துக்கு இயைந்ததாகுமா?" என்று கேட்டனர்.

அவ்விடத்தே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் வேறோர் ஐயத்தை வெளியிட்டார். "கொட்டும் முழக்குமே நம் தலைவிதி என்று பிறர் சொல்லிய காலம் ஒன்றிருந்தது. அதனை உதறிவிட்டன்றோ திரிசரணம் புகுந்தோம்? மீண்டும் அதனையே கையில் எடுப்பதா?" என்றார். இளைஞர் வினாவும் முதியவர் ஐயமும் ஒருங்கே விடை பெறத்தக்கவை. ஆதலின் இம்மாதப் பாடத்தை அதற்கென்றே அமைத்தோம்.

1. இசை விலக்கப்பட்டதோ?

பஞ்சசீலம் ஏற்ற இல்லறத்தார்க்கு இசை விலக்கப்படவில்லை. உயிர்க்கொலை, களவு, காமத்தில் பிழைபடுதல், பொய், மயக்கந்தரும் பொருள் ஆகிய ஐந்தையும் தவிர்ப்பதே அவ்விரதம். உபோசத தினத்தில் எட்டுச் சீலங்களை ஏற்பவர் ஆடல், பாடல், வாத்தியம் ஆகியவற்றை அன்றைக்கு விலக்குவர். எனவே, நம் வாத்தியக்காரர் உபோசதம் மேற்கொள்ளும் நாளில் கருவியை உறையிலிட்டு வைத்தல் முறை. மற்றை நாட்களில் அதனை எடுத்தல் குற்றமன்று.

பகவான் இசையின் நுட்பம் அறியாதவரல்லர். தீக நிகாயத்துச் சக்கபஞ்ஹ சூத்திரத்தில், பஞ்சசிகன் என்னும் கந்தருவன் இந்திரசாலக் குகையருகே யாழ் மீட்டிப் பாடுகின்றான். அவனுடைய நரம்பொலியும் குரலொலியும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இயைந்திருந்ததைப் பகவான் பாராட்டுகின்றார். அங்குத்தர நிகாயத்தில் சோணர் என்னும் பிக்குவின் வரலாறு வருகின்றது. கால்களில் குருதி கசிய நடந்து அளவிறந்து முயன்று, மனந்தளர்ந்து, இல்லறத்துக்கே மீளலாமோ என்று எண்ணிய அவருக்கு, யாழ் நரம்பை மிக இறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறவாது என்பதை நினைவூட்டி, நடுநிலையான முயற்சியை உபதேசித்தார். இவ்விரண்டாவது வரலாற்றை வாசகர் மனத்தில் இருத்துக. இப்பாடத்தின் இறுதியில் இதற்கு மீள்வோம்.

2. பேண்டின் இயல்பு

மேனாட்டார் கச்சேரிப் பேண்டு என வழங்குவது, வயலின் வகைகளை விடுத்து, ஊதும் கருவிகளையும் கொட்டும் கருவிகளையும் முதன்மையாகக் கொண்ட குழுவாகும். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், சாக்ஸபோன் ஆகியவை ஒருபுறம். ட்ரம்பெட், ஹார்ன், ட்ராம்போன், யூஃபோனியம், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகள் மறுபுறம். பின்னே முரசு வகைகளும் தாளங்களும். இக்குழு முதற்கண் படைக்கும் அரசனின் பவனிக்கும் உரியதாய் வளர்ந்தது. பின்னர்ப் பள்ளிகளிலும் பொதுப் பூங்காக்களிலும் இடம்பெற்று, அமர்ந்து கேட்கத்தக்க இசையைத் தருவதாயிற்று.

இக்குழுவுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. கொட்டும் கருவிகள் நீங்கலாக மற்றனைத்தும் மூச்சினால் ஒலிப்பவை. நாற்பது பேர் ஒருங்கே மூச்சை உள்ளிழுத்து ஒருங்கே விடுகின்றபோதுதான் இசை பிறக்கின்றது. மூச்சை அறிந்திருத்தலாகிய ஆனாபானஸதியைப் பயில்வோர்க்கு இச்செய்தி புறம்பானதன்று.

3. ஓர் இசைப் புலவரின் வரலாறு

இயற்கையையும் எளிமையையும் பேண்டு இசையில் எங்ஙனம் கொணர்வது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்குபவர் அமெரிக்கரான டேவிட் மாஸ்லங்கா. மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டு நகரில் 1943இல் பிறந்தார். ஓபர்லின் இசைக் கல்லூரியிலும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் கற்றார். நியூயார்க்குப் பகுதியில் ஆசிரியப் பணி புரிந்துவந்த அவர், 1990இல் அதனை விடுத்து, மேற்கே மாண்டானா மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த மிசூலா என்னும் ஊரில் குடியேறினார். 2017இல் மறையும்வரை அங்கிருந்தே இசை இயற்றினார். அவர்தம் ஆக்கங்கள் 150க்கு மேற்பட்டவை. அவற்றுள் 50க்கு மேற்பட்டவை ஊதுகருவிக் குழுவுக்கு உரியவை.

அவர் குடிபெயர்ந்தது வெறும் இடமாற்றம் அன்று. அங்குள்ள மலைகளும் மேட்டுநிலங்களும் தமக்குள் எழுப்பிய மண்ணின் குரலே தம் நான்காம் சிம்பொனியின் உந்துவிசை என அவர் கூறியுள்ளார். அது 1993இல் இயற்றப்பெற்றது. தியானத்தையும் தம் படைப்பு முறையின் அடிப்படையாகவே அவர் கொண்டிருந்தார். எழுதுமுன் மனத்தை அடக்கி அமர்ந்து, உள்ளே எழுவது யாது என்று காத்திருப்பார். முதலில் கேட்டல், பின்னரே எழுதுதல். இதுவே அவர் முறை.

4. 'நிலத்தாய்' பிறந்த கதை

இந்தியானா மாநிலத்தில் அரோரா என்பது ஒரு சிற்றூர். அங்குள்ள சவுத் டியர்பார்ன் உயர்நிலைப் பள்ளியின் பேண்டுக்காக மாஸ்லங்கா 2003இல் ஒரு சிறு இசையை இயற்றினார். ஏறத்தாழ மூன்று நிமிடமே நீளும் அதற்கு 'மதர் எர்த்' என்று பெயரிட்டார். 'நிலத்தாய்' என்பது அதன் பொருள். 'ஒரு ஃபேன்ஃபேர்' என்று அதன் வகையையும் குறித்தார்.

ஃபேன்ஃபேர் என்பது யாது? அரசனோ பெருமகனோ அவைக்கு எழுந்தருளும்போது எக்காளம் முழக்கி அறிவிப்பது. நம் நாட்டில் முரசறைதலும் பறையறைதலும் எவ்வாறோ, அவ்வாறே மேனாட்டில் இது. வருகின்றவர் யார் என்பதைப் பொறுத்தே அம்முழக்கின் பெருமை அமைந்திருந்தது. மாஸ்லங்கா அம்முழக்கை எவருக்கு உரியதாக்கினார்? எந்த மன்னருக்கும் அன்று. நம் காலடியில் எந்நாளும் கிடந்து நம்மைத் தாங்கும் நிலத்துக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அசிசி நகரத்துத் துறவியான பிரான்சிஸ் பாடிய துதியொன்றில், நிலம் உடன்பிறந்தாளாகவும் தாயாகவும் விளிக்கப்படுகின்றது. உணவூட்டி வளர்க்கும் அவளைப் பற்றிய அப்பகுதியையே தம் இசைக்கு முகப்பாக வைத்தார். தன்னைப் பரிவோடு நடத்துமாறு தாய் தன் மக்களுக்கு விடுக்கும் அவசரச் செய்தியாக இவ்விசை தமக்கு உருவாயிற்று என்று அவர் விளக்குகின்றார்.

இதனை இயற்றிய நாட்களில் அவர் பயின்றுகொண்டிருந்த நூல் எதுவென அறிந்தால் நம் வாசகர் மகிழ்வர். வியட்நாம் நாட்டுப் பிக்குவாகிய திக் நாட் ஹான் எழுதி 1993இல் வெளிவந்த பஞ்சசீல விளக்க நூலே அது. எதிர்காலம் என ஒன்று வாய்ப்பதற்கு ஐந்து சீலங்களே வழி என்பது அந்நூற் பெயரின் கருத்து. 1926இல் பிறந்து 2022இல் மறைந்த அப்பெரியார், ஐந்து சீலங்களையும் வெறும் விலக்குகளாக விடாது, செயற்பாலனவாகவும் விரித்துரைத்தார். கொல்லாமையை உயிர்களைக் காத்தல் என்றும், கள்ளாமையை ஈகை என்றும், பொய்யாமையை அன்பான சொல்லும் ஆழ்ந்து கேட்டலும் என்றும் பொருள் கண்டார்.

இந்த நான்காம் சீல விளக்கம் இசை இயற்றுவோர்க்கு இன்றியமையாதது. வாய்மை நாவில் தொடங்குவதாகவே நாம் எண்ணுகின்றோம். பிக்குவோ, அது செவியில் தொடங்குகின்றது என்கிறார். கேளாதவன் மெய் சொல்ல இயலாது. அங்ஙனமே, ஓர் ஆற்றங்கரையில் அரை நாழிகை வாய்மூடி அமர்ந்திராதவன் ஆற்றைப் பற்றி இயற்றும் இசை, எத்துணை இனிதாயினும், கேள்விப்பட்டதைச் சொல்வதாகவே முடியும்.

5. எளிமை யாது?

எளிமை என்றால் குறைவு என்று பலர் கருதுகின்றனர். கற்றுக்குட்டிக்கு ஏற்றது எளிமை. புலவர்க்கு ஏற்றது அருமை என்பர். மாஸ்லங்காவின் நாட்பயிற்சி இக்கருத்தை மறுக்கின்றது.

செருமானிய இசைப் பேராசிரியர் யோஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750), தேவாலயத்தில் சபையோர் பாடும் எளிய பண்களை நான்கு குரல்களுக்கு அமைத்துத் தந்தார். கோரல் எனப்படும் அவற்றுள் 371, அவர் மறைவுக்குப்பின் 1784 முதல் 1787 வரையில் ஒரு தொகுதியாக அச்சேறின. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிட அளவினதே. மாஸ்லங்கா இத்தொகுதியை நாடோறும் எடுத்துவைத்து, பியானோவில் வாசித்தவாறே நான்கு குரல்களுள் ஒன்றைத் தாமும் பாடுவார். பின்னர் அடுத்த குரலைப் பாடுவார். இவ்வாறு ஒரு சிறு பண்ணை நான்கு பேரின் செவியாலும் கேட்பார். உலகறிந்த புலவரான பின்னரும் இப்பயிற்சியை அவர் விடவில்லை. நாம் நாடோறும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. அவையும் சில வரிகளே, ஓதுதற்கு எளியவையே, வாழ்நாள் முழுதும் ஓதினும் பொருள் தீராதவை.

இப்பயிற்சியின் பயனை அவர்தம் மற்றோர் ஆக்கத்தில் காணலாம். 2005இல் அவர் முடித்த அச்சிறு சிம்பொனிக்கு, 'எமக்கு இன்று தாரும்' எனப் பொருள்படும் 'கிவ் அஸ் திஸ் டே' என்பது பெயர். இரு பகுதிகளைக் கொண்டது. முன்னது மெல்ல நடப்பது, பின்னது மிக விரைந்து செல்வது. பெயர் கிறித்தவ மன்றாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஆயினும் இதற்குத் தூண்டுகோல் பௌத்தமே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். மேற்கூறிய திக் நாட் ஹானின் நூலையே அங்கும் சுட்டினார். ஒவ்வொருவரும் தம்மை ஆழ்ந்து உணர்ந்து விழிப்புற்றாலன்றி இவ்வுலகுக்கு எதிர்காலம் இல்லை என்னும் அந்நூற் கருத்தே இவ்விசைக்கு வித்து. விரைவும் முழக்கமும் நிறைந்த அவ்வாக்கம், இறுதியில் பழையதொரு கோரல் பண்ணில் வந்து அடங்குகின்றது.

ஈண்டு நாம் அறியத்தக்கது: எளிமை தொடக்கத்தில் இருப்பது மட்டுமன்று, முழுதும் கேட்டு, வேண்டாதவற்றை நீக்கியபின் எஞ்சுவதும் எளிமையே. பிக்குவின் உடைமை சிலவே. ஆயினும் அவர் வறியவர் எனப்படார். வேண்டுவது இன்னதென்று அறிந்து ஏனையவற்றை விடுத்தவர் அவர். இசையும் அத்தகையதே.

6. இயற்றும் முறை

இனி, நம் இளைஞர் கைக்கொள்ளத்தக்க முறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, கேட்டல். பொருள் மழையானால் மழையையும், ஆலமரமானால் அதன் கீழ் நிலவும் ஓசையையும் பல நாள் கேட்க. அப்போது தாளும் எழுதுகோலும் வேண்டா.

இரண்டாவது, போலி செய்யாமை. இயற்கையை இசைத்தல் என்றால் குயில் கூவுவதையும் இடி இடிப்பதையும் அப்படியே ஒலித்துக் காட்டுதல் என்று மயங்கற்க. பேதோவன் 1808இல் அரங்கேற்றிய ஆறாம் சிம்பொனி நாட்டுப்புற வாழ்வைப் பற்றியது. அதில் குழலும் ஓபோவும் கிளாரினெட்டும் மூன்று பறவைகளின் குரலை ஒலிப்பது உண்மையே. ஆயினும் தம் நோக்கம் காட்சியை வரைவதைவிட உணர்வை வெளியிடுவதே என்று அவர் தெளிவாகக் குறித்துவைத்தார். பறவைக் குரல் ஓரிடத்தில் வரலாம், அதுவே இசையாகிவிடலாகாது.

மூன்றாவது, சிறிய வித்து. ஒரு குழந்தை ஒருமுறை கேட்டுப் பாடக்கூடிய மெட்டு ஒன்று போதும். மோகன இராகத்துக்கு உரிய ஐந்து சுரங்களே ஒரு முழு ஆக்கத்துக்குப் போதியவை. பி-ஃபிளாட் சுரத்தை ஸட்ஜமாகக் கொள்ளுதல் நலம். நம் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் பி-ஃபிளாட் கருவிகள் ஆதலின், அவற்றை வாசிப்போர்க்கு அது ஸி ஸ்தாயியாக எழுதப்படும். விரலுக்கும் கண்ணுக்கும் இடர் தாராது.

நான்காவது, மூச்சு. இயற்றுவோர் ஒவ்வொரு அடியையும் தம் வாயால் பாடிப் பார்க்க. தம் மூச்சு எங்கே முடிகின்றதோ அங்கே அடி முடிதல் வேண்டும். நெடுநேரம் நீளும் சுரம் வேண்டுமாயின், ஒரே கருவியை வாசிப்போர் அனைவரும் ஒரே வேளையில் மூச்செடாமல், ஒருவர்பின் ஒருவராக எடுக்குமாறு குறித்துவைக்க. ஒருவர் களைத்தவிடத்து மற்றவர் தாங்குதல் சங்க வாழ்வின் முறையும் அதுவன்றோ?

ஐந்தாவது, மௌனம். பித்தளைக் கருவி வாசிப்போரின் உதடுகள் விரைவில் களைப்பன. அவர்க்கு ஓய்வு தருதல் கருணை மட்டுமன்று, கலையும் ஆகும். எல்லாக் கருவிகளும் எப்போதும் ஒலிக்குமாயின் எதுவும் கேளாது. ஒற்றைக் குழல் ஒலிக்கையில் ஏனையோர் கேட்டிருக்கும் அவ்விடமே பலகாலும் கேட்போர் நெஞ்சில் நிற்கும்.

ஆறாவது, சமத்துவம். முதற் கிளாரினெட்டுக்கு மெட்டையும் மூன்றாம் கிளாரினெட்டுக்கு மிச்சத்தையும் தருவது பலர் வழக்கம். பாக் என்பாரின் கோரலில் அடிக்குரலைத் தனியே பாடினாலும் அது ஒரு பாட்டாக நிற்கும், இடைக்குரலும் அத்தகையதே. நம் ஆக்கத்தில் டியூபாக்காரரின் தாளை மட்டும் எடுத்துப் பாடிப் பார்க்க. அது பாடத்தகாததாயின் மீண்டும் எழுதுக. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் பேசுவோர், தம் இசைத்தாளில் ஒருவரைக் கீழே வைத்தல் தகுமோ?

ஏழாவது, நீக்குதல். எழுதி முடித்தபின் பத்து நாள் மூடிவைத்து, மீண்டும் எடுத்து, எதனை நீக்கினால் இசை கெடாதோ அதனை நீக்குக. இங்கேதான் சோணரின் யாழ் நமக்குத் துணை. மிக இறுக்கினால், அறிவைக் காட்டும் ஆரவாரமாகும். மிகத் தளர்த்தினால், எளிமை என்னும் பெயரால் சோம்பலாகும். நரம்பு நடுநிலையில் நிற்கின்றதா என்று செவியே சொல்லும்.

7. முதியவர் ஐயத்துக்கு விடை

இனி முதியவர் கேட்டதற்கு வருவோம். அவர் ஐயம் இலேசானதன்று. பறை என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தார் இன்றும் பேசுதலைப் பறைதல் என்றே வழங்குகின்றனர். செய்தி கூறும் அக்கருவியைப் பிற்காலத்தில் ஒரு குலத்தார் தலையில் கட்டாயக் கடமையாகச் சுமத்தினர். சாவுக்கும் திருவிழாவுக்கும் கூலியின்றியோ அற்பக் கூலிக்கோ முழக்குக என்று ஏவினர். முழக்கிய கையையே தீண்டத்தகாதது என்றனர். அதனை மறுத்து எழுந்த நம் முன்னோர் செய்தது முற்றும் சரியே.

ஆயினும் அவர்கள் மறுத்தது எதனை? ஒலியையா, ஏவலையா? ஏவலையே என்போம். கலிங்கப் போரில் நெஞ்சு வெதும்பிய அசோகர், முரசை உடைத்தெறியவில்லை. கிர்னாரிலும் எர்ரகுடியிலும் காணப்படும் அவர்தம் நான்காம் பாறைக் கல்வெட்டு, போர் முரசின் ஒலி இருந்த இடத்தில் தம்மத்தின் ஒலி எழுந்தது என்னும் கருத்தைப் பொறித்துள்ளது. முழக்கு ஒன்றே, அது எவர் ஏவலால், எதனை அறிவிக்க எழுகின்றது என்பதே மாறிற்று.

மாஸ்லங்காவும் அதனையே செய்தார். அரசர்க்கு உரிய எக்காளத்தை எடுத்து, அனைவரும் மிதிக்கும் நிலத்தின் வருகையை அறிவித்தார். ஒரு சிற்றூர்ப் பள்ளிச் சிறுவர் கையில் அதனைத் தந்தார். ஆதலின், நம் இளைஞர் கருவியை எடுப்பது பழைய கட்டுக்குள் மீள்வதாகாது. எவரும் ஏவாமல், விழிப்போடு, தாம் கேட்டறிந்த ஓர் உண்மையைச் சொல்ல எடுப்பாராயின், அது விடுதலையின் நிறைவேயாம். அந்த முழக்கைக் கேட்க முதியவரே முன்வரிசையில் அமர்தல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. பஞ்சசீலத்துக்கும் உபோசத சீலத்துக்கும் இசையைப் பொறுத்த வேறுபாடு யாது?

2. நான்காம் சீலம் செவியில் தொடங்குகின்றது என்பதன் பொருளை உம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. எளிமைக்கும் குறைவுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

4. உம் ஊரில் எதன் வருகையை அறிவிக்க ஒரு முழக்கம் இயற்றுவீர்? ஏன்?

நான்காம் வினாவுக்கு எழுத்தால் விடை தருவதினும் இசையால் விடை தருவோரையே நாம் பெரிதும் எதிர்நோக்குகின்றோம்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க.

நமோ புத்தாய.